பட்டம்மாள் கைவேலை

"இது யார் பின்னினான்?" என்று டன்பர் துரை கேட்டபோது சின்னப்பையன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

துறைமுகத்துக் கிரேன்களுக்கெல்லாம் அதிகாரி அந்தத் துரை. வருஷத்துக்கு ஒரு தடவைகூட இரும்பு ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் எட்டிப் பார்க்காதவர், அன்றைக்கென்று ஏறி வந்துவிட்டார். வந்தவர் சங்கிலியைப் பார்த்தாரா, பிரேக்கைப் பார்த்தாரா? ஒன்றும் கிடையாது. சின்னப்பையனின் தண்ணீர்க் கூஜாவை மூடியிருந்த குரோஷாத் துணியைத்தான் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, நடுவில் எட்டிதழ்ப் பூவும் ஓரம் முழுக்கச் சிவப்புப் பாசிமணியுமாக இருந்தது அது. கடற்காற்று என்ன பாடு படுத்தினாலும் பறக்காமல் கூஜாவின் வாயைக் கவ்விக்கொண்டு கிடந்தது.

"சம்சாரம் துரே," என்றான் சின்னப்பையன்.

பச்சைப் பொய். பின்னியது அவனேதான்.

பெயர்தான் சின்னப்பையன். ஆள் ஆறடி, ஒவ்வொரு கையும் ஒரு முறம். காத்திவாக்கத்தில் பிறந்தவன். அங்கே வலை பின்னுவதும் கிழிந்த வலையைத் தைப்பதும் ஆண்பிள்ளைகள் வேலை. நடக்கத் தெரிந்த வயசில் அவன் விரல்களுக்கு முடிச்சுப் போடத் தெரிந்துவிட்டது. பிறகு கிரேன் வேலை கிடைத்து ராயபுரத்துக்குக் குடிவந்தான். கைக்கு வலை இல்லாமல் போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி பட்டம்மாள், பக்கத்து வீட்டு அங்கம்மா போகிறாளே என்று தானும் மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்புக்குப் போனாள். நாலாம் நாள் மடியில் சிக்கு விழுந்த நூலும் கண்ணில் தண்ணீருமாகத் திரும்பி வந்தாள்.

"இது நம்மளுக்கு ஆவாதுய்யா. நூலப் புடிச்சா ஊசி பூடுது, ஊசியப் புடிச்சா நூலு பூடுது."

"குடு இப்பிடி, சிக்கெடுத்துத் தாரேன்" என்று வாங்கியவன்தான். சிக்கெடுத்தது போக நூல் மிச்சம் இருந்தது. அந்தக் குட்டிக் கொக்கி ஊசி அவன் விரலிடுக்கில் போய் உட்கார்ந்தபோது, பிரிந்துபோன சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது அவனுக்கு. விளக்கு வைப்பதற்குள் ஒரு வட்டம் முடிந்துவிட்டது. பட்டம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. தெருவில் அதற்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

அந்த ஒற்றையறை வீட்டைப் பார்க்க வேண்டுமே! பால் செம்புக்கு மணி கோத்த மூடி. ஈ உட்காராது, ஆவியும் தடையில்லாமல் போகும். நாற்காலி முதுகில் ஒன்று. எத்தனை எண்ணெய்த் தலைகள் சாய்ந்தாலும் மரம் பிசுக்காகாது, துணியை உருவி அலசிப் போட்டால் தீர்ந்தது. சிம்னி விளக்குக்குக் கீழே ஒன்று, தகரப் பெட்டிக்கு மேலே ஒன்று. வெங்காயம் தொங்கவிட ஒரு பை. காற்றோட்டத்தில் ஒரு வெங்காயம் அழுகியதில்லை. உப்புக் காற்றில் இற்றுப்போகும் அந்தத் தெருவில் அந்த ஒரு வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் சிகரம், நெத்திலி காயப்போடும் மூங்கில் தட்டுக்கு மேலே விரிக்கும் பெரிய வட்டம். காக்கை அதன்மேல் வந்து உட்காரும். கீழே கருவாடு தெரியும். ஆனால் அலகு போகாது. காக்கைக்கு வரும் கோபத்தைப் பார்க்கவே அங்கம்மா தினம் ஒரு நடை வந்துவிடுவாள்.

"உன்னுது இன்னா கைடி பட்டு! கண்ணு பட்டுடப் போவுது, சுத்திப் போடு," என்பாள்.

பட்டம்மாள் ஈயென்று சிரித்துவைப்பாள். அங்கம்மா போனதும் புருஷனிடம் பொருமுவாள். "ஊரே கும்புட வேண்டிய கை உன்னுது. அந்தப் பேர நான் வாங்கி முடிஞ்சுக்கினு கீறேன். பாவம்யா இது."

"வாங்கிக்கினே இரு மே. இது மட்டும் ஹார்பர்ல தெரிஞ்சிது, சின்னப்பையன சின்னப்பொண்ணாக்கிடுவானுங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கிரேன் ஏறுவேன்?"

அதனால்தான் துரையிடம் பொய் சொன்னான். ஆனால் துரை விடவில்லை. துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நடுப்பூவைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினார். கப்பலில் கத்திக் கத்திப் பழகிய அந்தக் கரகரத்த குரல் திடீரென்று தணிந்தது.

"நடுவில் ஓட்டை இல்லை. எல்லா குரோஷாவிலும் ஓட்டை இருக்கும். இது எப்படி மூடினான்?"

ஓட்டை எப்படி இருக்கும்? சின்னப்பையன் தொடங்குவது தையல் வகுப்பில் சொல்லித்தரும் வளையத்தில் அல்ல, காத்திவாக்கத்து வலை முடிச்சில். இழுக்க இழுக்க இறுகுமே ஒழிய விரியாது.

"தெர்லீங்களே துரே. அதுக்குத்தான் தெரியும்."

"என் மேம்சாப்புக்கு இது ரொம்ப இஷ்டம். சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்து பார்ப்பான்," என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார் துரை. அவருடைய தமிழில் எல்லாரும் ஆண்பிள்ளைகள்தான்.

துரைசானியின் குரோஷாவைப் பற்றித் துறைமுகத்தில் தெரியாதவர் இல்லை. துரையின் அறையில் மைக்கூட்டுக்குக் கீழே, தண்ணீர்க் குவளைக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் அந்த அம்மாள் பின்னியதுதான். வெள்ளைக்காரர்களின் கண்காட்சியில் வருஷா வருஷம் முதல் பரிசு அவருக்கே. அப்பேர்ப்பட்ட கைகாரி வந்து எதிரே உட்கார்ந்து "பின்னு பார்க்கலாம்" என்றால் பட்டம்மாள் எதைப் பின்னுவாள்?

வெள்ளிக்கிழமை துரையிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "சம்சாரத்துக்கு வலது கை ஆள்காட்டி வெரல்ல நகச்சுத்தி துரே. ஊசி புடிக்க முடியல."

"அடடா," என்றார் துரை. நிஜமாகவே முகம் வாடிவிட்டது.

தப்பித்தோம் என்று சின்னப்பையன் நினைத்தது ஒரு நாள்தான். சனிக்கிழமை துரையின் பங்களா பட்லர் கலீலுல்லா ஒரு டப்பி களிம்போடு வாசலில் வந்து நின்றார். பட்டம்மாள் அலறியடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, ஒரு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொண்டு வந்தாள்.

கலீலுல்லா உற்றுப் பார்த்தார். "தொர வலது கைன்னாரு. இது எடது கையா கீதே?"

"அது சரியாப்பூடுச்சு பாய். இது புச்சு," என்றாள் பட்டம்மாள்.

"சரி, சரி. அப்ப அடுத்த சனிக்கெயமைக்குள்ள இதுவும் சரியாப்பூடும். வந்துடறோம்."

இருந்த ஒரு வாரத்தில் பட்டம்மாளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. சின்னப்பையன் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினாள். வட்டமாகத் தொடங்கியது மூன்றாம் நாள் தொப்பியாயிற்று; ஐந்தாம் நாள் கத்திரிக்காய் ஆயிற்று.

"இத இன்னாத்த மூடறதுக்கு மே வெச்சிக்கிறது?"

"உன் வாய மூடறதுக்கு," என்று அவள் அதைத் தூக்கி எறிந்தாள்.

வேறு வழியில்லாமல் சின்னப்பையன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். துரையிடம் போய்க் கைகட்டி நின்றான்.

"எங்க வூட்டுப் பொம்பளைங்க பின்னசொல்ல வெளி மனுசருங்க மூஞ்சியப் பாக்கக் கூடாது துரே. அது வயக்கம்."

துரை புருவத்தை உயர்த்தினார். "கோஷாவா? நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் பெண்கள் கூடையைத் தலையில் வைத்து ரோடு முழுக்கக் கத்துகிறான்."

"மீனு விக்கசொல்ல கோஷா இல்ல துரே. பின்னசொல்ல மட்டுந்தான்."

துரை ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தார். இத்தோடு ஒழிந்தது என்று சின்னப்பையன் மனசுக்குள் கடல் தெய்வத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டான்.

"மூஞ்சி வேண்டாம்," என்றார் துரை. "ஒரு திரை போடு. கை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். நானும் மேம்சாப்போடு வருகிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் பட்டம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் புருஷனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து அங்கம்மா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, உன் பழைய அரக்கு வளையல் ரெண்டு ஜோடி குடேன்."

"உன் கைக்கு அது தோள் வரிக்கும் ஏறுமேடி!"

"நகச்சுத்தி வந்ததுலேந்து கை ஊதிப்பூடுச்சுக்கா."

சனிக்கிழமை மத்தியானம் சின்னப்பையன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். முழங்கை வரை மயிரை மழித்தாயிற்று. சோப்பு நுரையைப் பூசி வளையலை ஏற்றியதில் ஒரு ஜோடி உடைந்தது; மிச்சம் ஒரு ஜோடி உயிரோடு ஏறியது. இடது முன்கையில் கல்யாணமான புதுசில் 'பட்டம்மாள்' என்று ஆசை ஆசையாகப் பச்சை குத்தியிருந்தான். அதன்மேல் மஞ்சளைக் குழைத்து அப்பினாள் பட்டம்மாள். அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே இரண்டு புடவைகளைத் தொங்கவிட்டார்கள். ஒரு புடவையின் தலைப்பில் அவன் பின்னிச் சேர்த்திருந்த குரோஷாப் பட்டை முகத்துக்கு நேராக வந்தது. அதன் கண்கள் வழியே வெளியில் நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து உள்ளே தெரியவில்லை. என்னவெல்லாம் உபயோகம் பார்த்தீர்களா!

துரை வந்தார். துரைசானி வந்தார். அவ்வளவு புழுக்கத்திலும் துரைசானி வெள்ளைக் கையுறையைக் கழற்றவில்லை. கலீலுல்லா குடையை மூலையில் சாத்திவிட்டு நடுவில் நின்றார். வாசலை அடைத்துக்கொண்டு அங்கம்மாவும் தெருப் பெண்களும் நின்றார்கள்.

"சின்னப்பையன் எங்கே?" என்றார் துரை.

"ஒங்களுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கப் பூட்டாரு துரே," என்றது புடவைக்குப் பின்னாலிருந்து பட்டம்மாளின் குரல். அவள் புருஷனின் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு புடவைகளுக்கும் நடுவிலிருந்து, மஞ்சள் பூசி வளையல் போட்ட இரண்டு பிரம்மாண்டமான கைகள் வெளியே வந்தன.

தெருப் பெண்கள் மூச்சுவிட மறந்தார்கள். "வீக்கம் இன்னும் வத்தல பாவம்," என்று அங்கம்மா எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள்.

ஆனால் கைகள் நூலை எடுத்ததும் அந்தப் பேச்சும் நின்றது. நூல் விரலைச் சுற்றியது தெரிந்தது. முடிச்சு விழுந்தது தெரியவில்லை. ஊசி மின்னி மின்னி மறைய, முதல் இதழ், இரண்டாவது இதழ் என்று பூ தானாக விரிந்தது. பார்த்தவர்களுக்குக் கண்ணிமைக்கத் தோன்றவில்லை. எத்தனை பெரிய கை, எத்தனை சின்ன இதழ்!

"நிறுத்து," என்றார் துரை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "முதல் முடிச்சு. இன்னொரு தடவை. மெதுவாக."

கைகள் பிரித்துவிட்டுத் திரும்பப் போட்டன.

"இன்னொரு தடவை."

போட்டன.

"இன்னும் மெதுவாக."

சின்னப்பையன் பட்டையின் வழியே துரைசானியைப் பார்த்தான். அந்த அம்மாள் கைகளைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த ஆட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கையுறைக்குள் ஒரு கொட்டாவி விட்டார். அவனுக்குப் பகீரென்றது. எவ்வளவு பெரிய கைகாரி! ஒரே பார்வையில் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டு, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாரே!

பயத்தில் வியர்த்துக் கொட்டியது. வியர்வையில் மஞ்சள் கரைந்தது. முன்கையில் முதலில் 'ள்' வந்தது, அப்புறம் 'மா' வந்தது, கொஞ்ச நேரத்தில் பட்டம்மாள் முழுசாக வந்துவிட்டாள்.

"அது என்ன எழுதியிருக்கிறான்?" என்றார் துரை.

கலீலுல்லா குனிந்து படித்தார். "பட்டம்மாள்."

"தன் பெயரைத் தன் கையிலேயே எழுதுவாளா?" என்று முதல் தடவையாகப் பெண்பாலைச் சரியாகச் சொன்னார் துரை.

"மறந்துடக் கூடாதுன்னுதான் துரே," என்றது புடவைக்குப் பின்னாலிருந்த குரல்.

துரை சட்டென்று எட்டி அந்த இடது கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். பின்னிப் பின்னி நூல் அறுத்த கோடு அந்த விரலில் காய்த்துப்போயிருந்தது. அதை அவர் விரலால் தடவிப் பார்த்தார். திரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலை விட்டுவிட்டுத் தன் கையை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போதும்," என்று எழுந்தார். பாதி பின்னிய பூவை ஊசியோடு எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது கலீலுல்லாவிடம் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது. "சின்னப்பையன் கலர் வாங்கி வந்தால் சொல். திங்கட்கிழமை என் அறைக்கு வரவேண்டும். தனியாக."

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. கூட்டமும் அதன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடியது. சின்னப்பையன் வளையல் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டான்.

"பூடுச்சு மே. தொர கண்டுபுடிச்சிட்டாரு. திங்கக்கெயம கூப்ட்டு வெச்சி ஹார்பர் பூரா சொல்லி சிரிக்கப்போறாரு. சின்னப்பொண்ணுதான் இனிமே நானு."

பட்டம்மாள் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தலைப்பால் மஞ்சளைத் துடைத்தாள். "சிரிக்கட்டும்யா. எத்தினி பேரு வாயடைச்சி நின்னாங்க பாத்தியா? எனுக்கு எயுந்து நின்னு, இது என் வூட்டுக்காரன் கைடின்னு கத்தணும் போல இருந்துச்சு. நீ சொல்லாங்காட்டியும் திங்கக்கெயம நானே வந்து தொரகிட்ட சொல்றேன்."

அந்தச் சமயம் பார்த்துத் திரை விலகியது. மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க வந்த கலீலுல்லா நின்றுகொண்டிருந்தார். வளையலைப் பார்த்தார், மழித்த கையைப் பார்த்தார், கடைசியில் மீசையைப் பார்த்தார்.

சின்னப்பையன் துள்ளியெழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வளையல்கள் கலகலத்தன. "பாய், ஒன் கால்ல வேணா வுய்ந்துடறேன். ஆம்பள பின்றான்னு வெளிய சொல்லிடாத பாய். எம் மானமே பூடும்!"

கலீலுல்லா வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து அவன் காதில் சொன்னார்:

"நான் வாயத் தொறக்கறவனா இருந்தா இம்மாங் காலம் பங்களாவுல வேல பாத்திருக்க முடியுமா நைனா? எங்க தொரசானியம்மாவுக்கு ஊசிய எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது, பரிசு வாங்குன அம்புட்டையும் பின்னது தொரதான்!"